வீடு திரும்புகிறவரின் கையில் பீடி

(மருத்துவமனை ஆதரவாளர்களின் ஆண்டுக் கூடுகையில் எங்கள் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை. வாசிப்புக்கு ஏற்றவாறு சிறிது சுருக்கப்பட்டுள்ளது.)



தூரத்துச் சபைகளிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கிறீர்கள்; சிலர் விடியுமுன்னே புறப்பட்டிருப்பீர்கள். ஆகவே முன்னுரையை நீட்டாமல் காரியத்துக்கு வருகிறோம்.

கண் சிகிச்சையைக் குறித்தும் பிரசவ வார்டைக் குறித்தும் இந்த மேடையில் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். மனநலப் பிரிவைப் பற்றிப் பேசும்படி அழைப்பு வருவது அபூர்வம். அதிலும் இன்று நாங்கள் எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டு, இதற்கெல்லாமா ஒரு பேச்சு என்று சிலர் நினைக்கக்கூடும். மனச்சிதைவு, இருமுனை மனநோய், கடும் மனச்சோர்வு ஆகிய நோய்களுக்காக எங்களிடம் தங்கிச் சிகிச்சை பெற்று வீடு திரும்புகிறவர்கள் புகைப்பழக்கத்தை விட்டு நிலைத்திருக்க எப்படி உதவுவது என்பதே அந்தப் பொருள்.

பீடி ஒரு சின்ன விஷயம், புத்தி தெளிந்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு முதலில் ஒரு கணக்கைச் சொல்லவேண்டும். கடும் மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாகவே மரிக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. தற்கொலையே இதற்குக் காரணம் என்று நாம் எண்ணிக்கொள்வோம். அது ஒரு பங்குதான். பெரும்பங்கு மாரடைப்பு, பக்கவாதம், நுரையீரல் நோய், புற்றுநோய் போன்ற சாதாரண வியாதிகளால் வருகிறது. அந்த வியாதிகளுக்குப் பின்னால் நிற்பவற்றுள் தலையாயது புகை. நம் நாட்டில் 2016-17ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி வயதுவந்தோரில் 28.6 சதவீதத்தினர் ஏதோவொரு வகையில் புகையிலையை உபயோகித்தார்கள். கடும் மனநோய் உள்ளவர்களிடையே இப்பழக்கம் மற்றவர்களிடம் இருப்பதைவிட மிக அதிகம் என்பதைப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியுள்ளன. எங்கள் ஆண்கள் வார்டில் சட்டைப்பையைச் சோதித்தால் நீங்களே கண்டுகொள்வீர்கள்.

அதாவது, ஒரு மனிதனுடைய மனதைத் தெளியவைக்க நம்முடைய காணிக்கைகளும் மருத்துவர்களின் உழைப்பும் செவிலியரின் இராவிழிப்பும் செலவாகின்றன. மனம் தெளிந்து வீடு போன அதே மனிதனை ஐம்பது வயதில் மார்பு நோவோடு வேறொரு வார்டுக்குத் தூக்கி வருகிறார்கள். இதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது என்றுதான் பேச எழுந்திருக்கிறோம்.

மனநோயாளி புகைத்தால் கண்டுகொள்ளாமல் விடுவது நம் ஊருக்கு மட்டும் உரிய வழக்கமல்ல. அமெரிக்காவில் 1960களில் சில மனநல மருத்துவமனைகளில், படுக்கையைச் சீராக மடித்தால், முகம் கழுவினால், சொன்ன வேலையைச் செய்தால் நோயாளிக்கு ஒரு டோக்கன் கொடுத்தார்கள். அந்த டோக்கனைக் கொடுத்து அவர் மிட்டாயோ சிகரெட்டோ வாங்கிக்கொள்ளலாம். 1990களின் தொடக்கத்தில் அந்நாட்டு மருத்துவமனைகளில் புகைக்கத் தடை வந்தபோதும் மனநல வார்டுகளுக்கு விலக்கு அளிக்க இடம் வைத்தார்கள். இங்கிலாந்தில் 2007 ஜூலை முதல் தேதி எல்லா அலுவலகங்களிலும் கடைகளிலும் புகை நின்றது. மனநல வார்டுகளுக்கோ இன்னும் ஓர் ஆண்டு தவணை. நம் நாட்டில் 2008 அக்டோபர் 2 முதல் எந்த மருத்துவமனை வளாகத்திலும் புகைக்கக் கூடாது. சட்டம் அப்படி. ஆனால் 'பாவம், இவர்களுக்கு வேறென்ன இருக்கிறது' என்ற இரக்கம் சட்டத்தைவிடப் பழையது.

அந்த இரக்கத்தைக் குறித்துக் கொஞ்சம் பேசவேண்டும். ஏனென்றால் அது கெட்ட மனதிலிருந்து வருவதில்லை. ஒரு தாயார் எங்களிடம் கேட்டார்கள். (பெயரையும் ஊரையும் மறைத்தே சொல்கிறோம்.) மகனுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். படிப்பு பாதியில் நின்றது, கல்யாணம் இல்லை, வேலை இல்லை. தம்பிக்குக் கல்யாணமாகி வேறு வீடு போய்விட்டான். "ஐயா, காலையில எழுந்தா ஒரு டீ, ஒரு பீடி. அதுதான் அவனுக்குச் சந்தோஷம். அதையும் நான் பிடுங்கணுமா?" என்றார்கள். அவர்களே தினமும் கடைக்குப் போய் ஒரு கட்டு வாங்கி, முந்தானையில் முடிந்துவைத்து, மகன் கத்தும்போதெல்லாம் இரண்டிரண்டாக எடுத்துக் கொடுப்பார்களாம். கொடுத்தால் வீடு அடங்கும்.

இந்தத் தாயாரைக் கடிந்துகொள்ள எங்களுக்கு மனம் வரவில்லை. ஆனால் அவர்கள் கண்ட சந்தோஷம் என்ன என்பதை மருத்துவர் விளக்கினார். பீடியை அணைத்து ஓரிரண்டு மணி நேரத்துக்குள் இரத்தத்தில் நிக்கோட்டின் குறையத் தொடங்குகிறது. உடல் பதைக்கிறது, எரிச்சல் வருகிறது, உட்கார முடியவில்லை, சத்தம் போடுகிறான். அடுத்த பீடி அந்தப் பதைப்பை அடக்குகிறது. தாயார் பார்த்தது நோய் அடங்குவதை அல்ல. முந்திய பீடி உண்டாக்கிய தவிப்பைப் பிந்திய பீடி தீர்ப்பதைத்தான். கடன் வாங்கி வட்டி கட்டுகிறவனின் நிம்மதி அது. பழக்கத்தை விட்டவர்களுக்குச் சில வாரங்களுக்குப் பிறகு மனக்கலக்கமும் சோர்வும் குறைகின்றன, கூடுவதில்லை என்று 26 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு கட்டுரை 2014இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தது.

அந்தத் தாயாரின் கேள்வியில் இன்னொரு பாதி இருக்கிறது. 'அவனுக்கு வேறென்ன இருக்கிறது?' அதற்கு மருத்துவரிடம் பதில் இல்லை. அது சபையைப் பார்த்துக் கேட்கப்பட்ட கேள்வி. அதற்குப் பிறகு வருவோம்.

இப்போது நாங்கள் சொல்லப்போவது கொஞ்சம் மருத்துவம் சம்பந்தப்பட்டது. பொறுமையாகக் கேளுங்கள், இன்றைய பேச்சில் ஒன்றை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோவதானால் இதைக் கொண்டுபோங்கள்.

மனச்சிதைவு நோய்க்குத் தரப்படும் மருந்துகளில் குளோசபின் என்றொன்று உண்டு, ஒலான்சபின் என்றொன்று உண்டு. இந்த இரண்டையும் உடலிலிருந்து கழித்து வெளியேற்றும் வேலையைக் கல்லீரலில் உள்ள ஒரு நொதி செய்கிறது. புகையில் இருக்கும் சில பொருட்கள் அந்த நொதியை முடுக்கிவிடுகின்றன. வழக்கமாக ஒரு ஆள் செய்கிற வேலையை இரண்டு ஆள் செய்வதுபோல மருந்து விரைவாகக் கழிந்துபோகிறது. ஆகவே புகைக்கிறவருக்கு அதே பலன் கிடைக்கக் கூடுதல் மருந்து வேண்டியதாகிறது. சிலருக்கு ஒன்றரை மடங்குகூட. இதைச் செய்வது நிக்கோட்டின் அல்ல, எரிகிற புகைதான். அதனால் நிக்கோட்டின் மெல்லும் பசையோ தோலில் ஒட்டும் பட்டையோ உபயோகித்தால் மருந்தின் அளவு மாறுவதில்லை. இன்னொன்று: ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு சிகரெட்டே அந்த நொதியை முழுவேகத்தில் ஓட்டப் போதும். முப்பதிலிருந்து பதினைந்தாகக் குறைத்தேன் என்பவருக்கு மருந்துக் கணக்கில் பெரிய மாற்றம் இராது. முழுவதும் விட்டால் இருக்கும்.

இப்போது நம் நோயாளியின் பயணத்தை நினைத்துப் பாருங்கள். வீட்டில் இரண்டு கட்டு பீடி குடித்துக்கொண்டிருந்தவர் வார்டுக்கு வருகிறார். வளாகத்தில் புகை இல்லை. மூன்று நான்கு வாரம் தங்குகிறார். புகையில்லாத அந்த உடலைப் பார்த்து மருத்துவர் மாத்திரையின் அளவை நிர்ணயிக்கிறார். மனம் தெளிகிறது. குடும்பத்தார் சந்தோஷமாக அழைத்துப் போகிறார்கள். பஸ் நிலையத்திலேயே ஒரு பெட்டிக்கடை. அன்று மாலை இரண்டு, மறுநாள் ஆறு, ஒரு வாரத்தில் பழையபடி இரண்டு கட்டு. மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. ஆனாலும் இரத்தத்தில் மருந்து இறங்கிக்கொண்டே போகிறது. இரண்டு மாதத்தில் காதுக்குள் குரல்கள் திரும்பி வருகின்றன. வீட்டார் என்ன நினைப்பார்கள்? மாத்திரையை ஒளித்துவைத்துத் துப்பிவிட்டான் என்று அவன்மேல் கோபம். அல்லது அந்த மருத்துவமனை மருந்தில் ஒன்றும் இல்லை என்று எங்கள்மேல் கோபம். சில வேளை செய்வினை என்று சொல்லி வேறெங்கோ கொண்டுபோகிறார்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு, அதைச் சபையார் அதிகம் கவனிக்கவேண்டும். பல வருடம் பீடி குடித்தபடியே குளோசபின் எடுத்துக்கொண்டிருந்த ஒரு சகோதரரை, அவருடைய அண்ணன் நல்லெண்ணத்தோடே பத்து நாள் வீட்டோடு வைத்து, ஒரு பீடிகூட உள்ளே வராதபடி பார்த்துக்கொண்டார். ஒரு வாரத்தில் தம்பி எந்நேரமும் தூங்கினார். வாயிலிருந்து எச்சில் வழிந்தது. எழுந்தால் தள்ளாடினார், மலச்சிக்கல் வேறு. பீடியை நிறுத்தியதால் உடம்பு தாங்கவில்லை என்று ஊரார் முடிவுகட்டி மறுபடியும் பீடியைக் கையில் கொடுத்தார்கள். உண்மையில் நடந்தது என்னவென்றால், நொதியின் வேகம் அடங்கியதும் பழைய அளவு மாத்திரை இரத்தத்தில் ஏறிப்போயிற்று. குளோசபின் மிகுதியானால் வலிப்புகூட வரலாம். முன்கூட்டி ஒரு வார்த்தை மருத்துவரிடம் சொல்லியிருந்தால், முதல் வாரத்திலேயே அளவை ஏறக்குறைய கால்பங்கு குறைத்து, இரத்தப் பரிசோதனை செய்து, காரியம் சுகமாக முடிந்திருக்கும். எல்லா மருந்துக்கும் இப்படி இல்லை. லித்தியத்துக்கு இந்தக் கணக்குக் கிடையாது. எந்த மருந்துக்கு உண்டு என்பதை மருத்துவர் சொல்லுவார். பீடியை விட்டாலும் சொல்லவேண்டும், தொடங்கினாலும் சொல்லவேண்டும். ஒளிக்கக் கூடாது. ஒளிக்காமல் சொல்ல வேண்டுமானால், கேட்கிறவர் திட்டாதவராக இருக்கவேண்டும்.

டீக்கும் காப்பிக்கும் இதே கதைதான். அவற்றிலுள்ள காஃபினையும் அதே நொதிதான் கழிக்கிறது. பீடியை விட்டவர் பழையபடி ஆறு டீ குடித்தால் பத்துப் பன்னிரண்டு டீ குடித்ததுபோல நெஞ்சு படபடக்கும், தூக்கம் வராது. இது தெரியாமல், பழக்கத்தை விட்டதால்தான் தூக்கம் போயிற்று, நோய் திரும்புகிறது என்று பயந்து மறுபடியும் பற்றவைத்தவர்கள் உண்டு. டீயைப் பாதியாகக் குறைக்கச் சொல்லுகிறோம். மருந்துச் சீட்டில் எழுதாத ஆலோசனை, ஆனால் பலருடைய இராத்தூக்கத்தைக் காப்பாற்றியிருக்கிறது.

நல்ல சமாரியன் உவமையை நம்மில் அறியாதவர் இல்லை. காயப்பட்டவனைத் தூக்கிக்கொண்டு போய்ச் சத்திரத்தில் சேர்த்து, இரண்டு பணமும் கொடுத்து, திரும்பி வருவேன் என்று சொல்லிப் போனான். மருத்துவமனைகளை அந்தச் சத்திரத்துக்கு ஒப்பிட்டுப் பல பிரசங்கங்கள் கேட்டிருக்கிறீர்கள். எங்கள் மனநலப் பிரிவில் பணிசெய்யும்போது எங்களுக்கு எழும் சிந்தனை வேறு. காயம் ஆறியபின் அந்த மனிதன் சத்திரத்திலிருந்து எந்த வழியாய் வீட்டுக்குப் போனான்? அதே எரிகோ சாலை. அதே பாறைகள், அதே கள்ளர் பதுங்கும் வளைவுகள். சத்திரக்காரன் வாசல்வரைக்கும் வரலாம். அதற்குமேல் கூட நடந்தது யார் என்று உவமை சொல்லவில்லை.

வாசலுக்கு அப்பால் கூட நடந்தால் பலன் உண்டு என்பதற்குச் சாட்சி இருக்கிறது. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரத்து மனநல வார்டு ஒன்றில் 224 நோயாளிகளைக் கொண்டு செய்த ஆய்வு 2014இல் வெளிவந்தது. ஒரு சாராருக்கு வழக்கமான கவனிப்பு. இன்னொரு சாராருக்கு வார்டில் இருக்கும்போதே ஆலோசனை தொடங்கி, வீடு போனபின்னும் நிக்கோட்டின் பட்டைகளும் தொடர்ந்த உதவியும். ஒன்றரை ஆண்டு கழித்துப் பார்த்தபோது உதவி பெற்றவர்களில் நூற்றுக்கு 20 பேர் புகையின்றி இருந்தார்கள். மற்றவர்களில் 8 பேர். நாங்கள் இரண்டு தரம் வாசித்துப் பார்த்தது அடுத்த வரியை: மறுபடியும் மனநல வார்டில் சேர்க்கப்பட்டவர்கள் உதவி பெறாதவர்களில் 56 சதவீதம், பெற்றவர்களில் 44 சதவீதம். பழக்கத்தை விடச் சொன்னால் நோய் முற்றிவிடும் என்ற பயத்துக்கு இதைவிட நேரான பதில் வேண்டியதில்லை.

வெற்றிக் கதைகளை மட்டும் உங்களிடம் சொல்லிக் காணிக்கை கேட்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை. எனவே இதையும் கேளுங்கள். இங்கிலாந்தில் கடும் மனநோய் உள்ள 526 பேரைக் கொண்டு நடந்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. மனநலப் பணியாளர்கள் தேடிப் போய் உதவினார்கள். ஆறு மாதத்தில் உதவி பெற்றவர்களில் 14 சதவீதத்தினர் விட்டிருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 6 சதவீதம். ஒரு வருட முடிவில் 15க்கு 10 என்று அந்த வித்தியாசம் சுருங்கிப்போயிற்று. அத்தனை உழைத்தும் நூற்றுக்கு எண்பத்தைந்து பேர் இன்னும் புகைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தரம் தவறினவர் போனவர் அல்ல என்று நாங்கள் செவிலியருக்குச் சொல்லுகிறோம். பொதுவாகவே பழக்கத்தை விட்டவர்களில் பெரும்பாலோர் பலமுறை முயன்று தவறியவர்கள்தான். உதவி நீண்டால் பலன் நிற்கிறது என்பதற்கும் ஆதாரம் உண்டு. வெரனிக்லின் என்ற மாத்திரையால் மூன்று மாதத்தில் பழக்கத்தை விட்ட கடும் மனநோயாளிகள் 87 பேரில், மாத்திரையை ஒரு வருடம்வரை தொடர்ந்தவர்களில் 60 சதவீதம் பேர் நிலைத்தார்கள். மூன்று மாதத்தில் நிறுத்தியவர்களில் 19 சதவீதம் பேரே நிலைத்தார்கள். இதுவும் 2014இல் வெளிவந்த முடிவு.

வெரனிக்லின் மனநிலையைக் கெடுக்கும், தற்கொலை எண்ணம் தரும் என்ற எச்சரிக்கை முன்பு அந்த மருந்தின் விவரக் குறிப்பில் இருந்தது. உங்களில் மருந்துக்கடை வைத்திருப்பவர்களுக்கு நினைவிருக்கும். பின்னர் எண்ணாயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம், அவர்களில் பாதிப்பேர் மனநோய் உள்ளவர்கள், நடத்திய பெரிய ஆய்வில் அந்தப் பயத்துக்கு ஆதாரம் காணப்படவில்லை. 2016இல் அது வெளியானதும் அமெரிக்க அரசின் மருந்துத்துறை அந்த எச்சரிக்கையை நீக்கியது. 2021இல் உலக சுகாதார நிறுவனம் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் சேர்த்தது. ஆயினும் ஆய்வில் சேர்ந்தவர்கள் நோய் கட்டுக்குள் இருந்தவர்கள். ஆகவே மருத்துவர் பார்த்துத்தான் தரவேண்டும். புப்ரோப்பியான் என்ற மற்றொரு மாத்திரை வலிப்பு உள்ளவர்களுக்கு ஆகாது. யாரும் தானாக வாங்கித் தரவேண்டாம்.

நிக்கோட்டின் மெல்லும் பசையைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஜனங்கள் அதை மிட்டாய்போலக் கடகடவென்று மென்று எச்சிலை விழுங்கிவிடுகிறார்கள். விக்கல் வரும், வயிறு எரியும், தூர எறிந்துவிடுவார்கள். மெதுவாக மெல்லவேண்டும், நாவில் சுரீரென்று உறைக்கும்போது கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்கவேண்டும், உறைப்பு அடங்கினால் மறுபடியும் மெல்லவேண்டும். வெற்றிலை போட்டுப் பழகிய பெரியவர்களுக்கு இது உடனே பிடிபடுகிறது! ஒரு பசை அரைமணி நேரம் வரும். அதற்குக் கால்மணி முன்னும் மெல்லும்போதும் டீ, காப்பி, எலுமிச்சை ஜூஸ் கூடாது. பீடிக்குப் பதிலாகப் புகையிலையை வாயில் அடக்கிக்கொள்வது மாற்று அல்ல. அது வாய்ப் புற்றுநோய்க்கு வழி.

போதகர் என்ற முறையில் எங்களுக்கென்று ஒரு பாரம் இருக்கிறது. அதை மருத்துவர் பேசமாட்டார், நாங்கள்தான் பேசவேண்டும். நம் சபைகளில் பீடி குடிப்பவனைப் பாவி என்று கடிந்து சொல்லித் திருத்துவது வழக்கம். சுகமாயிருக்கிற மனிதனிடம் அது பலிக்கிறதோ இல்லையோ, அதை இங்கே வாதிக்கவில்லை. ஆனால் கடும் மனச்சோர்வில், தான் மன்னிக்கப்படவே முடியாதவன் என்று இராப்பகலாய் நம்பிக்கொண்டிருப்பவரிடமும், நீ கெட்டவன், நீ அழியவேண்டியவன் என்று காதுக்குள் குரல் கேட்டுக்கொண்டிருப்பவரிடமும் போய், உன் பீடி உன்னை நரகத்தில் தள்ளும் என்று சொன்னால், அந்தக் குரலுக்கு நாம் நம்முடைய குரலையும் சேர்த்துக் கொடுக்கிறோம். அதன் விளைவை வார்டில் கண்டிருக்கிறோம். பீடியை விட உதவும்போது பாவத்தைப் பற்றிப் பேசாதிருங்கள். மூச்சைப் பற்றிப் பேசுங்கள். கையில் மிஞ்சும் காசைப் பற்றிப் பேசுங்கள். அவருக்குப் பிரியமான தங்கை மகளைப் பற்றிப் பேசுங்கள்.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று. சில எழுப்புதல் கூட்டங்களில் பழக்கங்களை விட்டுவிடும்படி அழைக்கும்போது பீடிக்கட்டோடு மாத்திரை அட்டையையும் மேடையில் போட்டுவிட்டு வருகிறார்கள். ஒரே மூச்சில் இரண்டையும் விட்டவர் ஒரு மாதத்துக்குள் கைகால் கட்டப்பட்டு எங்களிடம் வருகிறார். இரண்டும் ஒன்றல்ல. ஒன்று அவரைக் கொல்கிறது, மற்றொன்று அவரைத் தாங்குகிறது. உங்கள் சபையில் இப்படிப்பட்ட அழைப்பு கொடுக்கப்பட்டால், தயவுசெய்து எழுந்து நின்று சொல்லுங்கள்.

இப்போது அந்தத் தாயாரின் கேள்விக்கு வருகிறோம். அவனுக்கு வேறென்ன இருக்கிறது?

எங்களிடம் வரும் பல சகோதரர்களிடம் வீட்டில் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று கேட்போம். காலையில் டீக்கடை. கடைக்காரர் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிவைக்கச் சொல்லுவார், ஒரு டீயும் இரண்டு பீடியும் தருவார். பிறகு யாராவது சிமெண்ட் மூட்டை இறக்கக் கூப்பிடுவார்கள்; அதற்கும் பீடி. கல்யாண வீட்டில் பாத்திரம் சுமந்தால் சோறும் ஒரு கட்டும். காசாகக் கொடுத்தால் அவனுக்குக் கணக்குத் தெரியாது என்பார்கள். ஊரில் அவரோடு பேசுகிறவர்கள் யார் என்று கேட்டால் டீக்கடைக்காரர் ஒருவரைத்தான் சொல்லுகிறார்கள். பீடி அவருக்குக் கூலியாயும் சிநேகிதமாயும் பொழுதாயும் இருக்கிறது. அதை மட்டும் பிடுங்கிவிட்டு அந்த இடத்தை வெறுமையாய் விட்டால் அது நிலைக்காது. உங்களில் யாராவது அவரிடம் வேலை வாங்குகிறவராயிருந்தால், மற்ற ஆளுக்குக் கொடுக்கிற கூலியைப் பணமாய் அவர் கையில் கொடுங்கள். பணத்தைப் பத்திரப்படுத்த அக்காவோ அம்மாவோ உதவட்டும். பீடியைக் கூலியாக்காதிருங்கள். சபை வீட்டார் இந்த ஒன்றைச் செய்தாலே ஊர் கொஞ்சம் மாறும்.

முதல் பதினைந்து நாட்கள் முக்கியமானவை. நிக்கோட்டின் தவிப்பு, விட்ட இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், இரண்டு முதல் நான்கு வாரத்தில் அடங்குகிறது. வார்டில் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டவருக்கு உடம்பின் தவிப்பு பெரும்பாலும் தீர்ந்திருக்கும். இடமும் நேரமும் ஆட்களும்தான் இழுக்கும். அந்த இழுப்பு ஒரு தடவைக்குச் சில நிமிடமே நிற்கும். அந்தச் சில நிமிடத்துக்கு ஒரு ஆள் பக்கத்தில் வேண்டும், அவ்வளவுதான். வாலிபர் சங்கத்தார் மாலை ஐந்து மணிக்கு அவரை அழைத்துக்கொண்டு டீக்கடை இல்லாத தெருவழியாய் நடந்து வரலாம். மாதர் சங்கத்தார் அந்தத் தாயாரோடு உட்காரலாம். மகன் கத்தும் நேரத்தில் அந்தத் தாயாருக்குத்தான் முதலில் துணை வேண்டும். ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் கலையும்போது அவரைக் கதவருகே தனியாய் விடாதிருங்கள். நாற்காலி அடுக்கும் வேலையைக் கொடுங்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரு சிற்றூர்ச் சபையில் ஆலய மணி அடிக்கும் பொறுப்பை அப்படிப்பட்ட ஒருவருக்குக் கொடுத்தார்கள். முதல் மாதம் சில நாள் மணி பிந்தித்தான் அடித்தது; யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் இன்னும் பீடியை முழுவதும் விடவில்லை. ஆனால் மணி அடிக்கப் போகும் நேரத்துக்குச் சட்டைப்பையை வீட்டில் காலிசெய்துவிட்டுப் போகிறார்.

இலவசத் தொலைபேசி உதவியும் இருக்கிறது. 1800-11-2356 என்ற தேசிய எண். அதைத் தேடி அலையவேண்டாம்; 2018 முதல் புகையிலைப் பொருட்களின் உறையிலேயே, அந்தப் பயங்கரப் படத்துக்குப் பக்கத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். ஆனால் போனில் பேசும்போது மனநோய்க்கு மருந்து எடுப்பதைச் சொல்லியே ஆகவேண்டும்.

பின்வரிசை மேசையில் ஒரு மஞ்சள் அட்டை அடுக்கி வைத்திருக்கிறோம். வார்டிலிருந்து வீடு போகும் ஒவ்வொருவருக்கும் கொடுப்பதற்காக அச்சிட்டது. நோயாளி எடுக்கும் மருந்துகளின் பெயரும் அளவும், வார்டுக்கு வருமுன் ஒரு நாளைக்கு எத்தனை பீடி, கடைசிப் பீடி என்றைக்கு, இப்போது எத்தனை என்று எழுத அதில் இடம் இருக்கிறது. கீழே வார்டின் தொலைபேசி எண். குடலிறக்க ஆப்பரேஷனுக்கோ காய்ச்சலுக்கோ வேறு மருத்துவமனையில் சேர்ந்தால் அங்குள்ள மருத்துவரிடமும் இதைக் காட்டவேண்டும். அங்கே படுத்திருக்கும் நாட்களிலும் புகை நின்றுபோகும், மருந்து ஏறும். உங்கள் சபையில் இப்படிப்பட்ட ஒரு குடும்பம் இருந்தால், போகும்போது இரண்டு அட்டை எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்று வீட்டில் மாத்திரை டப்பாவுக்குள் இருக்கட்டும், மற்றொன்றை உங்கள் ஊர் மருத்துவரிடம் கொடுத்துவையுங்கள். தேநீர் வேளையில் மனநலப் பிரிவின் செவிலியர் இருவர் அந்த மேசையருகே இருப்பார்கள். கேட்கவேண்டியதை அவர்களிடம் தாராளமாய்க் கேட்கலாம்.